காத்திருக்கும் கீரை

வீட்டுத் தொட்டியில் ஆரை வளர்க்கும் விதமும் அதன் வரலாறும்

தமிழில் குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அலட்சியம் செய்தாலும் செய்யலாம். சமையலறையில் அப்படிச் செய்வதற்கில்லை. "அரைக்கீரை வாங்கி வா" என்று சொல்லி அனுப்பினால், சந்தையில் இரண்டே நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடும். முதல் எழுத்தைச் சற்றே நீட்டி, "ஆரைக்கீரை வாங்கி வா" என்று சொல்லி அனுப்புங்கள். போனவர் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வெறுங்கையுடன் திரும்புவார். அல்லது அரைக்கீரைக் கட்டையே கொண்டு வந்து வைத்துவிட்டு, "உங்களுக்குத்தான் உச்சரிப்புச் சரியில்லை" என்பார்.

இந்த நிலைமை நமக்குச் சமீப காலத்தில் ஏற்பட்டது. நம் பாட்டிமார்களுக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை. அரைக்கீரை கொல்லையில் பாத்தி கட்டி விதைப்பது. ஆரைக்கீரை ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாகவே படர்வது. முன்னதற்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். பின்னதோ தண்ணீர் இருக்கும் இடத்தைத் தேடிப் போய்க் குடியேறிக் கொள்ளும். வயலில் களை எடுக்கப் போன பெண்கள், மாலையில் மடி நிறைய ஆரைக்கீரையுடன் வீடு திரும்புவார்கள். காசு கொடுத்து வாங்கும் பண்டமாக அது ஒருநாளும் இருந்ததில்லை. அதனாலேயே அது மறைந்து வருவதையும் யாரும் கவனிக்கவில்லை.

கவனிக்க வேண்டிய செடிதான் இது. வீட்டுக் கொல்லையில் ஒரு சின்னத் தொட்டி வைத்து இதை வளர்ப்பது எப்படி என்பதையும், ஏன் வளர்க்க வேண்டும் என்பதையும் இங்கே பார்க்கலாம்.

பூவாத செடி

ஆரைக்கு நீராரை என்றும் பெயர் உண்டு. சேற்றின் மேல் நூல் போன்ற கொடி ஒன்று ஊர்ந்து செல்லும். கணுவுக்குக் கணு கீழே வேர் இறங்கும். மேலே ஒரு மெல்லிய காம்பு எழும்பும். காம்பின் நுனியில் நான்கு சிற்றிலைகள் ஒரே புள்ளியில் கூடி நிற்கும். மார்கழி மாதத்துக் கோலத்தில் சிறுமிகள் போடும் நாலிதழ்ப் பூவைப் பச்சைப் பொடியால் போட்டது போல இருக்கும். தண்ணீர் ஆழமாக இருந்தால் இலைகள் அதன் மேல் மிதக்கும். ஆழம் குறைந்தால் காம்புகள் நிமிர்ந்து, இலைகளைக் குடை போல் உயர்த்திப் பிடிக்கும். பொழுது சாய்ந்ததும் நான்கு இலைகளும் ஒன்றோடொன்று சேர்ந்து கைகூப்பிக் கொள்ளும். காலை வெயில் பட்டதும் மறுபடி விரியும்.

வயல்களிலும் தோட்டங்களிலும் இதன் பெயரைப் பங்கு போட்டுக்கொள்ளும் இன்னொரு செடி உண்டு. அது புளியாரை. அதற்கு மூன்றே இலைகள். வாயில் போட்டால் புளிக்கும். ஈரத் தரையில் வளரும். மஞ்சள் நிறத்தில் சிறு பூவும் பூக்கும். நீராரைக்கு நான்கு இலைகள், புளிப்புக் கிடையாது, பூவும் கிடையாது. இதை மனத்தில் வைத்துக் கொண்டால் ஏமாற வேண்டியதில்லை.

பூ இல்லை என்றது சாதாரண விஷயமன்று. ஆரை உண்மையில் ஒரு பெரணி. நீலகிரியிலும் ஏற்காட்டிலும் பாறை இடுக்கில் சுருள் சுருளாய்த் தளிர்விடும் பெரணிகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆரையின் இளந்தளிரை உற்றுப் பாருங்கள். அதுவும் அவற்றைப் போலவே நுனி சுருண்டுதான் வெளிவரும். தாவர சாஸ்திரத்தில் இதற்கு 'மார்ஸீலியா' என்று பெயர். 1658 முதல் 1730 வரை வாழ்ந்த மார்ஸிலி என்னும் இத்தாலியப் பிரபு, பட்டாளத்தில் சேவகம் செய்துகொண்டே இயற்கையையும் ஆராய்ந்தவர்; அவருடைய ஞாபகமாக லின்னேயஸ் வைத்த பெயர் அது. நம் வயல்களில் அதிகமாகக் காண்பது 'மார்ஸீலியா மைனூட்டா' என்னும் சிறு வகை.

பூ இல்லாவிட்டால் காய் ஏது, விதை ஏது? இங்கேதான் ஆரையின் சாமர்த்தியம் இருக்கிறது. தண்ணீர் வற்றிச் சேறு இறுகத் தொடங்கியதும், இலைக்காம்பின் அடியில் மிளகை விடச் சற்றுச் சிறியதாக, கறுத்த உருண்டைகள் தோன்றும். ஒவ்வொன்றும் ஒரு சிமிழ். அதன் ஓடு கல்லைப் போலக் கடினமானது. அதற்குள்ளே அடுத்த தலைமுறையின் வித்துக்கள் பத்திரமாக இருக்கின்றன. ஏரி காய்ந்து, கொடி கருகி, இலைகள் பொடியாகிக் காற்றில் பறந்து போனாலும், சிமிழ்கள் மட்டும் வெடித்த மண்ணுக்குள் கிடக்கும். அவை எவ்வளவு காலம் கிடக்கும் தெரியுமா? ஒரு வருஷமா, இரண்டு வருஷமா? உலர்ந்த செடிகளைக் காகிதத்தில் ஒட்டிச் சேமித்து வைக்கும் தாவரச் சாலைகளிலிருந்து எடுத்த சிமிழ்கள், சுமார் நூறு ஆண்டு கழித்தும் தண்ணீர் பட்டதும் உயிர் பெற்றிருக்கின்றன என்று விஞ்ஞானிகள் பதிவு செய்திருக்கிறார்கள்!

தகடூர் நாட்டில்

இப்படிப் பொறுமையுடன் காத்திருக்கத் தெரிந்த செடிக்கு ஏற்ற இடம் தமிழ்நாட்டில் உண்டென்றால், அது தர்மபுரி ஜில்லாதான்.

பழைய தகடூர் நாடு அது. அதியமான் தனக்குக் கிடைத்த அருமையான நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த கதை, தமிழ்க் குழந்தைகள் எல்லோருக்கும் தெரியும். பிற்காலத்தில் சேலம் ஜில்லாவின் பகுதியாக இருந்து, 1965-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி தனி ஜில்லாவாயிற்று. 2004-ல் கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது. காவிரி ஒகேனக்கல்லில் ஆரவாரத்துடன் குதித்து ஜில்லாவின் மேற்கு ஓரமாகப் போய்விடுகிறது. தென்பெண்ணை இன்னொரு பக்கமாகப் போய்விடுகிறது. நடுவில் இருக்கும் மேட்டு நிலத்துக்கு, வருஷத்தில் சுமார் 850 மில்லிமீட்டர் பெய்யும் மழைதான் கதி. அதிலும் பெரும்பகுதி ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் வந்து விடுகிறது. மற்ற மாதங்களுக்கு அதைப் பிடித்து வைத்துக் கொள்ளத்தான் முன்னோர்கள் ஊர்தோறும் ஏரி வெட்டினார்கள். தர்மபுரி நகரத்தைச் சுற்றி மட்டும் இராமக்காள் ஏரி, அன்னசாகரம் ஏரி, இலக்கியம்பட்டி ஏரி, சோகத்தூர் ஏரி என்று வரிசையாகப் பெயர் சொல்லிக் கொண்டே போகலாம்.

ஏரியில் தண்ணீர் குறைந்தபோது ஜனங்கள் பூமியைத் துளைத்தார்கள். ஆழத்திலிருந்து வந்த தண்ணீருடன் புளோரைடு என்னும் உப்பும் வந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. பல வருஷம் குடித்தவர்களுடைய எலும்பும் மூட்டும் பாதிக்கப்பட்டன. ஜப்பானிய நிதி உதவியுடன் ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாய் மூலம் கொண்டுவரும் பெரிய திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்ட பிறகுதான், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்கு நல்ல தண்ணீர் வர வழி பிறந்தது.

இப்படிப்பட்ட ஜில்லாவில் போய், "வீட்டில் குளம் வைத்து நீர்ச்செடி வளருங்கள்" என்று உபதேசம் செய்வது நியாயமா என்று நேயர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லுவோம்.

தர்மபுரியில் தோட்டம் போடுவது ஒன்றும் புதிய காரியம் அன்று. 1792-ல் பாராமகால் சீமை கும்பெனியார் வசம் வந்ததும், நிலவரித் திட்டம் செய்ய அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை அந்தச் சீமையில் வேலை பார்த்த அவர், தர்மபுரியில் தோட்டம் வைத்து அதை ஆசையுடன் பேணி வந்தார். பிற்காலத்தில் சென்னைக் கவர்னராக உயர்ந்த அந்த மனிதர், தம் வீட்டாருக்கு எழுதிய கடிதங்களில் அந்தத் தோட்டத்தைப் பற்றி மிகவும் பிரியமாக எழுதியிருக்கிறார். வயல் வயலாக வரி கணக்கிட்டவருக்கும் நாலு செடிகளின் நிழலில்தான் மனம் ஆறியது போலும்!

தண்ணீர்க் கணக்கு

இப்போது கணக்குக்கு வருவோம். கோடையின் உச்சத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 7 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். பணக்காரர் வீட்டுத் தோட்டத்தில் பத்தடிக்குப் பத்தடி குளம் ஒன்று இருந்தால், அதிலிருந்து தினம் சுமார் 65 லிட்டர் ஆகாயத்துக்குப் போய்விடும். அதாவது நாலு குடத்துக்கு மேல். அடியில் கசிந்து போவது இந்தக் கணக்கில் சேராது. தண்ணீருக்குக் குடத்தை வைத்துக் கொண்டு வரிசையில் நின்ற ஊரில் இது தகாத ஆடம்பரம்.

ஆரைக்கோ குளம் தேவையில்லை. இரண்டடி அகலமுள்ள வட்டத் தொட்டி போதும். அதே வெயிலில் அதிலிருந்து போவது தினம் இரண்டு லிட்டர். இலைகள் குடிப்பதற்கு இன்னும் சிறிது சேர்த்துக் கொள்ளலாம். ஒரு பெரிய செம்புத் தண்ணீர்! அரிசி களைவதற்கும் காய் கழுவுவதற்கும் எவ்வளவோ செலவு செய்கிறோம். காவிரிக் குடிநீரை இதற்கு எடுக்கவே வேண்டாம். வீட்டுக் கூரையில் விழும் மழைநீரைப் பிடித்து வைத்தால் பாதி வருஷம் அதிலேயே ஓடிவிடும். மீதி மாதங்களுக்கு, குடிக்கத் தகாத கிணற்று நீரே இருக்கிறது. சோப்பு நீரையும் எண்ணெய்ப் பிசுக்குள்ள நீரையும் மட்டும் ஊற்றக் கூடாது.

ஒருநாள் மறந்து போனால்? பாதகமில்லை. ஒரு வாரம் வெளியூர் போனால்? தண்ணீர் வற்றிச் சேறாகிவிடும்; ஆரை அதிலும் பச்சையாக நிற்கும். தாமரையும் ஆம்பலும் எஜமானர்களைப் போல வேளா வேளைக்கு உபசாரம் கேட்பவை. ஆரை நம் கிராமத்துக் குடியானவரைப் போல. கிடைத்ததைக் கொண்டு குடித்தனம் நடத்திவிடும்.

வளர்க்கும் முறை

முதலில் தொட்டி. அகன்ற வாயும் முக்கால் அடி முதல் ஓரடி ஆழமும் உள்ள மண்தொட்டி, சிமெண்டுத் தொட்டி, உபயோகமற்றுப் போன மாட்டுத் தொட்டி, எதுவும் ஆகும். அடியில் ஓட்டை இருந்தால் சிமெண்டு வைத்து அடைத்து விடுங்கள். வெயில் தினம் நாலைந்து மணி நேரமாவது படும் இடத்தில் வையுங்கள். நிழலில் வைத்தால் காம்பு நீண்டு, இலை சிறுத்துப் போகும்.

அடுத்தது மண். ஏரி வண்டலோ வயல் களிமண்ணோ அரை அடி உயரத்துக்கு இடுங்கள். நன்றாக மக்கிய சாண எருவை ஒரு கைப்பிடி அடியிலேயே கலந்து விடலாம். அதற்கு மேல் எரு வேண்டாம். எரு அதிகமானால் தண்ணீரில் பாசி பிடித்து நாற்றம் எடுக்கும். மண்ணின் மேல் ஒரு விரற்கடைக்கு ஆற்று மணலைத் தூவினால் தண்ணீர் கலங்காமல் தெளிந்து நிற்கும்.

பிறகு நடவு. சுத்தமான வாய்க்கால் ஓரத்திலோ வயல் வரப்பிலோ படர்ந்திருக்கும் ஆரைக் கொடியைக் கணுக்களுடன் ஒரு சாண் நீளத்துக்குக் கிள்ளிக் கொண்டு வாருங்கள். வயல் பிறருடையது என்றால் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளுங்கள். களையைக் கேட்டு வாங்கும் ஆளை அவர் முதல் தடவையாகப் பார்த்து ஆச்சரியப்படக் கூடும். கொடியை நிறுத்தி வைத்து நடக்கூடாது. மண்ணின் மேல் படுக்க வைத்து, கணுக்கள் மண்ணில் படியும்படி விரலால் அழுத்திவிட வேண்டும். இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி மெதுவாக ஊற்றுங்கள். சில நாளில் புதுத் தளிர்கள் சுருள் அவிழ்ந்து வரும். ஓரிரு மாதத்தில் தொட்டி முழுவதும் பச்சைக் கம்பளம் விரிந்துவிடும். புரட்டாசி மழையில் தொடங்குவது உத்தமம்.

ஏற்கனவே வீட்டில் தாமரைக் குளமோ மீன் குளமோ வைத்திருப்பவர்கள், ஆரையை நேரே குளத்து மண்ணில் நடவேண்டாம். ஓர் அகன்ற சட்டியில் நட்டு, அந்தச் சட்டியைக் குளத்தின் ஓரத்துப் படியில் மூன்று நாலு அங்குல ஆழத்தில் வையுங்கள். இது ஊர்ந்து போகும் செடி. கட்டுப்பாடு இல்லாவிட்டால் குளத்தின் கரை முழுவதையும் தன்னுடைய பட்டா நிலமாக்கிக் கொள்ளும். அமெரிக்காவுக்கு 1860-ஐ ஒட்டிப் போய்ச் சேர்ந்த நாலிலை ஆரை வகை, கனெக்டிகட் மாகாணத்து ஏரி ஒன்றில் ஆரம்பித்து இன்று பல இடங்களில் களையாகப் பரவியிருக்கிறது. ஆகாயத் தாமரையை அழகுக்காக வரவேற்றுவிட்டு நம் நாட்டு ஏரிகள் இன்றுவரை படும் பாட்டை நாம் அறிவோம். நீர்ச்செடி எதையும் தொட்டியில் வளர்ப்பது விவேகம். மிஞ்சியதை ஓடையில் எறியாமல் எருக்குழியில் போடுவது அதைவிட விவேகம்.

கொசு என்னும் ஆட்சேபணை

"தண்ணீர் தேங்கினால் கொசு வருமே?" என்று வீட்டுப் பெரியவர்கள் ஆட்சேபிப்பார்கள். அந்த ஆட்சேபணை முற்றிலும் சரியானது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, வீட்டுத் தொட்டிகளில்தான் முட்டையிடுகிறது. வெப்பமான நாட்களில் ஒரு வாரம் பத்து நாளுக்குள் முட்டை கொசுவாகிவிடுகிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மீன். நம் வாய்க்கால்களில் உச்சந்தலையில் வெள்ளிப்பொட்டு மின்ன, தண்ணீரின் மேற்பரப்பை ஒட்டியே நீந்தும் சின்ன மீனை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் நாலைந்து விட்டால் கொசுப் புழு ஒன்று பாக்கியிராது. இரண்டாவது வழி ஆரைக்கே உரிய வழி. வாரத்துக்கு ஒருநாள் தண்ணீர் முழுவதையும் இறைத்து விடுங்கள். சேறு மட்டும் ஈரமாக இருக்கட்டும். மறுநாள் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். புழுக்கள் ஒழிந்து போகும். ஆரைக்குச் சிறிதும் சேதமில்லை. இறைத்த தண்ணீர் வாழைக்கோ முருங்கைக்கோ ஆகும். இந்த இரண்டில் ஒன்றைத் தவறாமல் செய்ய முடியாதவர்கள் தொட்டி வைக்காமலிருப்பதே ஊருக்குச் செய்யும் உபகாரம்.

ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சோகம்

வளர்த்த கீரையைச் சமைக்கு முன்னர், கடல் கடந்து நடந்த ஒரு கதையைத் தெரிந்து கொள்வது நல்லது.

1860-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 20-ந் தேதி, பர்க் என்பவர் தலைமையில் ஒரு கூட்டம் மெல்போர்ன் நகரத்திலிருந்து புறப்பட்டது. ஆஸ்திரேலியாக் கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்கே கடந்து பார்ப்பது அவர்கள் நோக்கம். வட கடற்கரையை நெருங்கிவிட்டு, பர்க், வில்ஸ், கிங் என்ற மூவர் 1861 ஏப்ரல் 21-ந் தேதி மாலை கூப்பர் ஓடைக் கரையிலிருந்த தங்கள் முகாமுக்குத் திரும்பினார்கள். நாலு மாதத்துக்கு மேல் காத்திருந்த முகாம் ஆட்கள் அன்று காலையில்தான் கிளம்பிப் போயிருந்தார்கள்! உணவு தீர்ந்தது. அந்தப் பிரதேசத்தின் பூர்வ குடிகள் ஆரை இனத்துச் செடி ஒன்றின் சிமிழ்களை மாவாக்கி உண்பதை அவர்கள் கண்டார்கள். 'நார்டூ' என்று அதற்குப் பெயர். தாமும் பொறுக்கி, இடித்து, அதையே தினமும் தின்றார்கள். வயிறு நிறைந்தது, உடம்போ நாளுக்கு நாள் நலிந்தது. கால்கள் தள்ளாடின. சுமார் இரண்டு மாதத்தில் வில்ஸும் பர்க்கும் உயிர் நீத்தார்கள். பூர்வ குடிகளுடன் சேர்ந்து வாழ்ந்த கிங் ஒருவர்தான் பிழைத்து, செப்டம்பர் மாதத்தில் மீட்கப்பட்டார்.

காரணம் பின்னால் தெரிந்தது. அந்தச் செடியில் 'தையமினேஸ்' என்ற பொருள் இருக்கிறது. உடம்புக்கு இன்றியமையாத பி-1 வைட்டமினை அது அழித்து விடும். அந்த வைட்டமின் இல்லாவிட்டால் 'பெரிபெரி' என்னும் நோய் வரும். பூர்வ குடிகள் சிமிழ்களை வறுத்து, தண்ணீர் விட்டு அரைத்து, கரைத்து, மீனுடனும் பிற உணவுகளுடனும் கலந்து உண்டார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த அந்தப் பக்குவத்தை வெள்ளையர்கள் கேட்டுத் தெரிந்து கொள்ளவில்லை. செடியை எடுத்துக் கொண்டார்கள்; அதைப் பற்றிய அறிவை விட்டுவிட்டார்கள்.

நம் நாட்டில் சிமிழைத் தின்னும் வழக்கமில்லை. இளம் இலையைத்தான் கீரையாகச் சமைக்கிறோம். அதையும் நம் பெண்மணிகள் பச்சையாக உண்டதில்லை. உணவே அதுவாகவும் உண்டதில்லை. இளந்தளிராகக் கிள்ளி, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, நன்றாக வேகவைத்து, பாசிப்பருப்போ துவரம்பருப்போ சேர்த்துக் கூட்டாகச் செய்வார்கள். சீரகமும் பூண்டும் தாளித்துக் கொட்டினால் வாசனை கமகமவென்று வரும். தர்மபுரிப் பக்கத்தில் சூடான கேழ்வரகுக் களியின் நடுவில் குழி செய்து, கீரைக் குழம்பை ஊற்றி உண்ணும் ருசியை அனுபவித்தவர்கள் அறிவார்கள். கேழ்வரகிலும் பருப்பிலும் பி-1 வைட்டமின் இருக்கிறது. வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, வாரத்துக்கு ஒரு தடவை மற்றக் கீரைகளோடு முறை வைத்து உண்பது புத்திசாலித்தனம்.

வைத்திய நூல்களிலும் ஆரைக்கு இடமுண்டு. சித்த வைத்தியர்கள் நீரிழிவுக்கும் அதிகத் தாகத்துக்கும் உகந்த கீரையாக இதைச் சொல்லுகிறார்கள். ஆயுர்வேதத்தில் 'ஸுனிஷண்ணகம்' என்ற பெயரால் சரக ஸம்ஹிதையின் கீரை வகைகளில் இது சேர்ந்திருக்கிறது. வங்காளத்தில் 'சுசுனி' என்ற பெயரில் இன்றும் உண்கிறார்கள். நல்ல தூக்கம் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் வைத்தியர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டுக் கீரையை நம்பி உட்கார்ந்து விடக் கூடாது. கீரை உணவு, மருந்தின் வேலையை மருந்துதான் செய்ய வேண்டும்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. தண்ணீரில் உள்ள காட்மியம், குரோமியம் முதலிய உலோகங்களை இழுத்துத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக் கொள்ளும் சக்தி ஆரைக்கு உண்டு. சாக்கடை கலக்கும் குட்டையிலும், தொழிற்சாலைக் கழிவு ஓடும் வாய்க்காலிலும் வளர்ந்த ஆரையைத் தொடவே கூடாது. களைக்கொல்லி தெளித்த வயலின் கீரையும் ஆகாது. இன்று எந்த வாய்க்கால் சுத்தம் என்று யாரால் சொல்ல முடிகிறது? வீட்டுத் தொட்டியில் வளர்ப்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. வாய்க்காலிலிருந்து கொண்டு வந்த தாய்க்கொடியின் இலைகளைச் சமைக்காமல், தொட்டியில் புதிதாக வளர்ந்ததை மட்டும் பறித்துக் கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கு ஒரு வேடிக்கை

தொட்டியில் ஒரு வருஷம் ஆரை வளர்ந்தபின், கோடையில் ஒரு மூலையில் சேறு காயும்படி விட்டுப் பாருங்கள். சிமிழ்கள் தோன்றும். நன்றாகக் கறுத்துக் காய்ந்தவற்றில் நாலைந்தை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் கருங்கல்லில் தேய்த்து ஓட்டை மெலியச் செய்யுங்கள். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டுவிட்டு, குழந்தைகளைச் சுற்றி உட்காரச் சொல்லுங்கள்.

சிறிது நேரத்தில் ஓடு இரண்டாகப் பிளக்கும். உள்ளேயிருந்து கண்ணாடிப் புழுவைப் போல ஒரு பசை நாடா மெல்ல மெல்ல நீண்டு வெளியே வரும். 'இவ்வளவு சின்னச் சிமிழுக்குள் இத்தனை நீளமா!' என்று பெரியவர்களும் வியப்பார்கள். அந்த நாடாவின் இரு பக்கத்திலும் சிறு பைகள் வரிசையாகத் தொங்கும். அவற்றில் பெரிய வித்தும் சிறிய வித்துமாக இரண்டு வகை உண்டு. பெரியது பெண், சிறியது ஆண். ஓரிரு நாளில் அவை சேர்ந்து கரு உண்டாகிவிடும். சுமார் ஒரு வாரத்தில் ஊசிமுனை போன்ற பச்சை முளைகளைப் பார்க்கலாம். மழை பெய்து ஏரியில் தண்ணீர் நிற்பது சொற்ப நாள்தான் என்பது ஆரைக்குத் தெரியும். அதனால்தான் எவ்வளவு பொறுமையாகக் காத்திருந்ததோ, அவ்வளவு அவசரமாகக் காரியத்தை முடித்துக் கொள்கிறது.

எதற்காகக் காத்திருக்கிறது?

ஐரோப்பாவிலும் நாலிலை ஆரை உண்டு. முன்னொரு காலத்தில் நிறைய இருந்தது. சதுப்பு நிலங்களை வடித்துக் கட்டிடங்கள் எழுப்பினார்கள், குளங்களைத் தூர்த்தார்கள். இன்று ஜெர்மனியில் அது இயற்கையாக வளரும் இடமே இல்லாமல் போயிற்று. 1992-ல் ஐரோப்பிய தேசங்கள் கூடிச் செய்த இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் அதையும் சேர்த்துக் காப்பாற்றி வருகிறார்கள். நம் நாட்டில் அதன் தங்கையை நெல் வயலின் களைகளில் ஒன்றாகப் பட்டியலில் எழுதி, மருந்து தெளித்துக் கொண்டிருக்கிறோம். நெல்லுக்கு நடுவே அது களைதான். குடியானவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வயலில் இடமில்லாத செடிக்கு ஏரிக்கரையாவது மிஞ்ச வேண்டும் அல்லவா?

வறட்சி ஆரையைக் கொல்லாது. தர்மபுரி ஜில்லா கண்ட எத்தனையோ வறண்ட வருஷங்களை அது வெடித்த மண்ணுக்குள் படுத்துக் கொண்டே கடந்து வந்திருக்கிறது. நீர்ப்பறவைகள் அதன் சிமிழ்களை விழுங்கி, ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குக் கொண்டு போய்ச் சேர்க்கும்; பறவையின் வயிற்றில் போய் வந்தாலும் வித்து சாவதில்லை. ஆனால் ஏரிக்குள்ளே வீடு கட்டிவிட்டால், வரத்துக் கால்வாயை மூடிவிட்டால், குப்பை கொட்டி மேடாக்கிவிட்டால், சிமிழ் நூறு வருஷம் பொறுத்திருந்து என்ன பிரயோஜனம்? மழை வரும், ஏரி இராது.

ஆகவே, கொல்லையில் வைக்கும் இரண்டடித் தொட்டி ஏரிக்கு ஈடாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். செடியின் பெயரையும், உருவத்தையும், பக்குவத்தையும் வீட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்குத்தான் தொட்டி. ஆரையைத் தொட்டியில் அறிந்த பிள்ளை, ஏரிக்கரையில் நடக்கும்போது அதைத் தேடும். அங்கே காணாவிட்டால், "ஏன் இல்லை?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

வருகிற புரட்டாசிக்குள் ஒரு தொட்டியைத் தேடி வையுங்கள். கொடி கிடைத்து, தழைத்து, கீரை கிள்ளும் பருவம் வந்ததும் அடுத்த வீட்டுக்கும் ஒரு சாண் கொடி கொடுங்கள். கொடுக்கும்போது, "இது ஆரைக்கீரை, அரைக்கீரை அன்று" என்று நெடிலை நன்றாக நீட்டிச் சொல்லிவிட மறக்க வேண்டாம்.